கழுவிய படமும் கைப்பேசிப் படமும்

"படம் கழுவணும்ணே" என்றுதான் பீடோங், பாடாங் செராய் பக்கத்து மக்கள் இன்றும் என் கடை வாசலில் வந்து நிற்கிறார்கள். இருபது வயதுப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கேட்கிறார்கள். கேட்டுச் சிரிக்க வேண்டாம். பெரிய லேபுகளில் போடும் படங்கள் இன்றும் வெள்ளி உப்பு பூசிய தாளில் ஒளி பாய்ச்சி, இரசாயனத்தில் நனைத்து, தண்ணீரில் கழுவித்தான் வெளிவருகின்றன. மை தெளிக்கும் பிரிண்டரில் அடித்துத் தருவது வேறு சரக்கு. அதில் நல்ல மையும் உண்டு, ஜன்னல் வெயில் பட்டால் சீக்கிரமே வெளிறிப் போகும் மையும் உண்டு. கூடத்தில் மாட்டப்போகும் படம் என்றால், எது என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.

வாடிக்கையாளர்களோடு எனக்கு அதிகம் வாக்குவாதம் வருவது வாட்ஸ்அப் படங்களால்தான். கைப்பேசியில் பளிச்சென்று தெரிவதைக் காட்டி, "இதையே பெருசாப் போடுங்க" என்பார்கள். கணக்கு எளியது. தெளிவான அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 4ஆர் அளவுக்கு 1200க்கு 1800 புள்ளிகள் போதும். 12க்கு 18 அங்குலம் என்றால் 3600க்கு 5400 தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் நீளவாக்கில் ஏறத்தாழ 1600 புள்ளிகளாகச் சுருங்கிவிடுகிறது. அதை 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்குத் தொண்ணூறு புள்ளிகூடத் தேறாது. அதே படத்தை 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் முழுசாக வந்து சேரும். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தாலே பாதி மனஸ்தாபம் குறையும்.

"8ஆர் போட்டீங்க, மாமாவோட தோளக் காணோம்" என்பது இன்னொரு புகார். கேமரா தரும் படம் 3க்கு 2 என்ற விகிதம்; 8ஆர் என்பது 8க்கு 10 அங்குலம். முழுப் படமும் வர 8க்கு 12 வேண்டும். இரண்டு அங்குலம் எங்காவது வெட்டுப்பட்டே தீரும். குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்பவர் யார் என்பது உங்களுக்குத்தான் தெரியும், கடைக்காரருக்குத் தெரியாது. அளவை முடிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

எடிட்டிங்குக்கு வருவோம். ரப்பர் மரத்தடியிலும் செம்பனை நிழலிலும் படமெடுக்க ஜோடிகள் ஆசைப்படுகிறார்கள். தாத்தா பால் வெட்டிய தோட்டம், ஆசை வராதா? ஆனால் இலைகளின் பச்சை முகத்தில் விழுந்து, ஆள் காய்ச்சலில் கிடந்தவர் மாதிரித் தெரிவார். அந்தப் பச்சையை எடுப்பது எடிட்டிங். அரக்குப் பட்டு சிவப்பாக மாறாமல் காப்பதும், அன்று வந்த பருவை மறைப்பதும் எடிட்டிங்தான். "தம்பி, பொண்ணைக் கொஞ்சம் கலராக்கி விடுங்க" என்று பெரியம்மா காதோரம் சொல்வதை நான் அதில் சேர்ப்பதில்லை. முகத்தை வெளுத்தால் மல்லிகையின் இதழ் கரைந்து வெறும் வெள்ளைத் திட்டாகும், தாலியின் பொன் வெளிறும், கை மட்டும் பழைய நிறத்தில் நின்று காட்டிக்கொடுக்கும். மணப்பெண்ணிடம் தனியாகக் கேட்டுவிட்டுத்தான் நான் கை வைப்பேன். பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள் "அப்படியே இருக்கட்டும்ணே" என்கிறார்கள்.

எடுத்த படங்கள் யாருக்குச் சொந்தம்? நம் நாட்டு 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, ஒருவர் கேட்டுச் செய்வித்த படைப்பின் உரிமை செய்வித்தவருக்கே போகும் என்கிறது. இருவரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய. அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு "உரிமை எப்போதும் படம் எடுத்தவருக்கே" என்று சில இளம் கலைஞர்கள் நம்புகிறார்கள். அந்த 'ஒழிய'தான் முக்கியம். ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எத்தனை படம், எந்த அளவில், எப்போது கிடைக்கும், கடையில் எவ்வளவு காலம் பத்திரமாக இருக்கும், விளம்பரத்துக்குப் போடுவார்களா என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். எடிட் செய்யாத மூலக் கோப்புகளைக் கேட்பவர்களும் உண்டு. அவை உலை ஏறாத அரிசி. வேண்டுமென்றால் முன்பணம் கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

என் மேசைக்கு வருவதில் நான் மிகவும் பயந்து தொடுவது பழைய அடையாள அட்டைப் படங்கள். அவசரகாலத்தின்போது 1948இல் மலாயாவில் ஆள்பதிவு தொடங்கியது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் படத்தோடு அட்டை எடுக்க வேண்டியிருந்தது. தோட்டத்துப் பாட்டிகள் பலருக்கு அதுவே முதல் படம். சிலருக்கு அது ஒன்றுதான். கருமகிரியைக்கு மூன்று நாள் இருக்கும்போது அதைக் கொண்டுவந்து பெரிதாக்கச் சொல்வார்கள். சென்ற ஆண்டு ஒரு பேரன், செயலி ஒன்றில் தானே 'தெளிவாக்கி' எடுத்து வந்தார். முகம் கண்ணாடிபோல் இருந்தது. கூட வந்த அம்மா பார்த்துவிட்டு, "இது எங்கம்மா இல்லையே" என்றார். இல்லாத விவரத்தை இயந்திரம் ஊகித்து நிரப்பும். மூக்குத்தி இருந்த இடத்தில் வழவழப்பான தோல், சற்றே ஏறியிருந்த இடது புருவம் நேராகிவிட்டது. அசல் அட்டையை வாங்கி, அங்குலத்துக்கு 2400 புள்ளியில் ஸ்கேன் செய்து, கீறலையும் முத்திரைக் கறையையும் மட்டும் கையால் துடைத்தேன். கொஞ்சம் மங்கல்தான். அந்த அம்மா அதைத்தான் வாங்கிக்கொண்டார்.

அசலைத் தூக்கிப் போடாதீர்கள். நாளை இதைவிட நல்ல ஸ்கேனர் வரும். சுவரில் நகலை மாட்டுங்கள், கண்ணாடியில் படம் ஒட்டாதபடி நடுவில் அட்டை வைத்து. நம் ஈரக் காற்றுக்கு, கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிறகு உரித்தால் முகமும் சேர்ந்தே வரும். படத்தின் பின்பக்கத்தையும் ஒரு தடவை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயரும் டிவிசன் எண்ணும் ஆண்டும் பென்சிலில் எழுதியிருக்கும். அந்த லயங்கள் பலவும் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன.