ஒளிரும் வால்வு! உறுமும் கிடார்!

வீட்டு மேஜையில் உருவாகும் இசைப் பெட்டி

1951-ம் ஆண்டு. அமெரிக்காவில் உள்ள மெம்பிஸ் நகரத்துக்கு ஒரு இசைக் குழுவினர் காரில் வந்தார்கள். பாட்டு ஒன்றை இசைத்தட்டுக்காகப் பதிவு செய்ய வந்தார்கள்.

வழியில் ஒரு சங்கடம்! கிடாரின் ஓசையைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிபயர் பெட்டி பழுதாகிவிட்டது. உள்ளே இருந்த ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. வேறு பெட்டிக்கு எங்கே போவது? கிழிசலில் காகிதத்தைத் திணித்து, அப்படியே வாசித்தார்கள்.

கிடார் கரகரத்தது, உறுமியது. அதுவே எல்லோருக்கும் பிடித்துவிட்டது! "ராக்கெட் 88" என்ற அந்தப் பாட்டு சக்கைப்போடு போட்டது.

தற்செயலாக வந்த அந்த உறுமலை வேண்டும்போது வரவழைக்க, காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி 1962-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதில் இருந்தது டிரான்சிஸ்டர். வால்வு வைத்த பெட்டிகளும் உண்டு. அதன் பாகங்களை வாங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொள்கிறவர்கள் பலர்.

மதகு போன்ற கம்பி

வால்வு என்பது வேறு ஒன்றும் இல்லை. பழைய ரேடியோப் பெட்டிக்குள் செந்நிறமாக ஒளிருமே, அந்தக் கண்ணாடிக் குழாய்தான். காற்று நீக்கப்பட்ட அதற்குள், சூடான பாகத்தில் இருந்து எலெக்ட்ரான்கள் பாய்கின்றன.

நடுவில் ஒரு வலைக் கம்பி இருக்கிறது. வாய்க்காலுக்கு மதகு எப்படியோ, வால்வுக்கு இந்தக் கம்பி அப்படி. கிடாரில் இருந்து வரும் சிறு மின்அலை இந்த மதகை அசைக்கிறது. மறுபுறம் பெரிய அலை வருகிறது.

அளவுக்கு மேல் பெரிய அலை வந்தால்? வால்வு தாங்காது. அலையின் உச்சியை மழுக்கிவிடும். உச்சி மழுங்கிய அலைதான் நம் காதில் உறுமலாகக் கேட்கிறது!

வண்ணக் கணக்கு

பாகங்களைப் பொருத்தும் பலகைக்கு சர்க்யூட் போர்டு என்று பெயர். எந்தத் துளையில் எந்தப் பாகம் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும்.

ரெசிஸ்டர்களின் மேல் வண்ணக் கோடுகள் இருக்கும். பழுப்பு என்றால் 1. கறுப்பு என்றால் 0. மூன்றாவது கோடு மஞ்சளாக இருந்தால், பின்னால் 4 சைபர் போட வேண்டும். ஆக மொத்தம் 1,00,000 ஓம். மஞ்சளை ஆரஞ்சு என்று நினைத்துவிட்டால் வெறும் 10,000 ஆகிவிடும்! அதனால் ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்து அளந்த பிறகே பொருத்துவார்கள்.

முதலில் உயரம் குறைந்த பாகங்கள். பிறகு உயரமானவை. சில கபாசிட்டர்களுக்குப் பிளஸ், மைனஸ் உண்டு. திருப்பி வைத்தால் வெடித்துவிடும்!

பற்றவைப்பதில்தான் பொறுமை வேண்டும். பாகத்தின் காலையும் போர்டில் உள்ள செம்பு வளையத்தையும் ஒன்றாகச் சூடாக்கி, அதன் பிறகு ஈயத்தைத் தொட வேண்டும். ஈயம் சிறு குன்று போலச் சரிந்து படிந்தால் நல்ல பற்று. உருண்டையாக நின்றால் ஓசை விட்டு விட்டு வரும்.

வால்வு நிற்கும் சாக்கெட்டுக்குப் பெரும்பாலும் 9 கால்கள். போர்டில் குறித்த பக்கத்தில்தான் அதை வைக்க வேண்டும். மறுபக்கம் வைத்தால், கண்ணாடியில் பார்ப்பது போலக் கால்களின் வரிசை இடம் வலமாக மாறிவிடும்!

எச்சரிக்கை!

பல வால்வு பெட்டிகளுக்குள் 200, 300 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டருக்குள் அது தேங்கி நிற்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து! தேங்கியதை முறைப்படி வடித்து, மீட்டர் சைபர் காட்டிய பிறகே கை வைக்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள், அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தால், சுவிட்சைப் போட்டதும் வால்வு மெல்லச் சிவக்கும். கம்பியை மீட்டினால் கிடார் உறுமும்.

அன்று அந்த ஓசை பிறந்தது ஒரு விபத்தால். அதை வீட்டில் உண்டாக்குகிறவர், விபத்துக்கு இடம் கொடுக்காமல் உண்டாக்க வேண்டும்!