தொக்கணமும் தேக சுகமும்

வருந்திய உறுப்பினைக் கை தானே சென்று தடவுதல் மக்கட்கெல்லாம் இயல்பாம். இவ்வியல்பு முறைப்பட்டு வளர்ந்து ஒரு வைத்தியமாயிற்று. ஆயுர்வேத நூலார் இதனை அப்பியங்கம் என்பர். சித்த வைத்தியர் தொக்கணம் என்பர். நம் தஞ்சை நாட்டு ஊர்ப்புறத்தார் 'உடம்பு பிடித்தல்' என்றும் 'எண்ணெய் போட்டு நீவுதல்' என்றும் வழங்குவர். இஃது எவ்வாற்றால் நலந் தருகின்றது, எவ்விடத்துத் தீங்கு செய்கின்றது என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

காவிரி பாயும் நாட்டில் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி வேண்டற்பாலதே. மேட்டூர் அணையின் நீர் வாய்க்கால்களில் வந்ததும் குறுவைக்கும், பின்னர்ச் சம்பாவுக்கும் தாளடிக்கும் நடவு தொடங்கும். இயந்திர நடவும் நேரடி விதைப்பும் பரவிவரும் இந்நாளிலும், சேற்றில் நின்று, குனிந்த முதுகு நிமிராமல் நாற்று நடும் பெண்டிர் பலர் உளர். மாலையில் அவர்தம் இடுப்பும் கெண்டைக்காலும் கடுத்து நோகும். நல்லெண்ணெயைப் பொறுக்குஞ் சூட்டில் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக்கொள்ளுதல் அவர்கள் வழிவழியாகக் கைக்கொண்ட பரிகாரமாகும். இதற்கு வேண்டுவன சிறிது எண்ணெயும், உற்றார் ஒருவரது கையுமே.

சித்த வைத்தியத்தில் புறமருந்துகள் 32 வகைப்படும். அவற்றுள் ஒன்று தொக்கணம். அது தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என 9 செய்கைகளை உடையது. இவற்றுள் தட்டல், பிடித்தல், அழுத்தல் போல்வன தசையைப் பற்றியன. இழுத்தல், அசைத்தல் போல்வன மூட்டினைப் பற்றியன. மேனாட்டிலும் இத்தகைய பகுப்பு உண்டு. ஆம்ஸ்டர்டாம் நகரத்து வைத்தியராகிய மெட்ஸ்கர் (1838–1909) தடவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என முறைகளை வகுத்தார். இங்கிலாந்தில் 1894ஆம் ஆண்டிற் செவிலியர் நால்வர் இத்தொழிலின் பொருட்டு நிறுவிய சங்கமே, பின்னாளில் அந்நாட்டுப் பிசியோதெரபி சங்கமாக வளர்ந்தது.

இனி, இதன் பயன் விளையுமாற்றை நோக்குவாம். தோலிலுள்ள நரம்புகள் தொடுவுணர்வை முதுகுத்தண்டிற்குக் கொண்டுசெல்லுங்கால், நோவுணர்வு மூளையை எட்டுதல் ஒருவாறு குறைகின்றது. இறுகிய தசை நெகிழ்கின்றது. தேய்த்த இடத்தில் வெப்பமும் இரத்தவோட்டமும் மிகுகின்றன. மனமும் அமைதி பெறுகின்றது. எண்ணெய் எலும்புவரை இறங்கும் என்பார் கூற்று உண்மையன்று. அது பெரும்பாலும் தோலின் மேலடுக்குகளிலேயே தங்கி, கை வழுக்கிச் செல்லவும் தோல் வறளாதிருக்கவும் உதவுகின்றது. இடுப்பு நோய்க்கு இம்முறை தரும் பயனைக் குறித்துச் செய்யப்பட்ட 25 பரிசோதனைகளைக் காக்ரேன் குழுவினர் ஒருங்கே ஆராய்ந்து 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நோவு சிலகாலம் தணிதல் உண்டென்றும், நெடுநாட் பயனுக்குப் போதிய சான்று இல்லையென்றும், கிடைத்த சான்றுகளும் வலியன அல்லவென்றும் அவர்கள் கண்டனர். ஆகவே தொக்கணம் நோவைத் தணிக்குமேயன்றி, நோயின் மூலத்தைக் களையும் எனக் கொள்ளலாகாது.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்னும் வைத்தியசாலையை நடத்தியதனை அன்பர்கள் அறிவர். கண்ணோயாளிகளின் நிலையை எழுதியும் படமாக வரைந்தும் வைத்த அக்காலத்துக் குறிப்புகள் சரசுவதி மகாலில் உள்ளன. நம் நாட்டு முறையாயினும் பிறநாட்டு முறையாயினும், பயனை நோக்கிக் குறித்துவைத்தல் வேண்டும் என்பதே அவற்றால் நாம் பெறும் பாடம். உடம்பு பிடித்தலையும் அக்கண்கொண்டே நோக்குதல் வேண்டும்.

அவ்வாறு நோக்கின் விலக்கத்தக்கன சில புலப்படும். காய்ச்சல், தோற்புண், எலும்பு முறிவு ஆகியன உள்ளவிடத்துத் தேய்த்தல் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி நொந்தால், உள்நாளத்தில் இரத்தம் உறைந்திருத்தல் கூடும். அதனைப் பிசைந்தால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே கேடு சூழலாம். இடுப்பு நோவோடு கால் மரத்தலும், நீர் பிரியாமையும் சேரின் ஒருகணமும் தாழாது மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். கைக்குழந்தையின் உடம்பில் எண்ணெயை மெல்லத் தடவுதல் வேறு. அதன் மூக்கில் எண்ணெய் விடுதல் வேறு. பின்னது நுரையீரலிற் புகுந்து கொடிய அழற்சியை உண்டாக்கும்.

கல்லூரி விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்கள் இச்செய்தியை முதியோர்க்குப் பணிவுடன் எடுத்துரைப்பாராக. பாட்டியின் கைப்பழக்கம் இகழத்தக்கதன்று. ஆயினும் மூக்கில் விடும் அவ்விரு துளி எண்ணெய் நிறுத்தப்படுதல் வேண்டும். நட்டுக் களைத்த அன்னையின் காலை ஒருபொழுது பிடித்துவிடுதலும் கற்றவர்க்கு இழிவன்று. அவர் நட்ட நெல்லன்றோ நம்மை இங்கு உண்பித்துப் படிப்பிக்கின்றது!