பிள்ளை கையில் செல்போன் தரலாமா?
தாயும் பிள்ளையும் சேர்ந்து ஆட ஒரு புதிர் விளையாட்டு!

வில்லியனூர்:-

செல்போன் விளையாட்டு என்றாலே வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பெற்றோருக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஒரு பக்கம் துப்பாக்கிச் சத்தம். இன்னொரு பக்கம் ரம்மி! காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் கொண்டு வந்தது. அதற்குள் பணத்தைத் தொலைத்த குடும்பங்கள் எத்தனையோ!

சட்டம் வந்தால் மட்டும் பிள்ளை விடுகிறதா? "அஞ்சே நிமிஷம்மா, போனைக் குடேன்" என்று முந்தானையைப் பிடித்து இழுக்கிறது. இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஏற்றதா "மானுமென்ட் வேலி-2"?

லண்டன் கம்பெனியான "அஸ்ட்டூ கேம்ஸ்" 2017-ல் வெளியிட்ட புதிர் விளையாட்டு இது. கதாநாயகி ரோ என்ற தாய். கூடவே அவளுடைய குட்டிப் பிள்ளை. விரலால் திருப்பினால் கோபுரம் சுழல்கிறது. அறுந்து கிடந்த படிக்கட்டு, பார்க்கும் கோணம் மாறியதும் ஒட்டிக்கொள்கிறது! அதில் இருவரும் ஏறிப் போகிறார்கள். ஹாலந்து ஓவியர் எஷர் (1898-1972) படங்களில் உள்ள அதே கண்கட்டு வித்தைதான்.

சண்டை இல்லை

எதிரி கிடையாது. கடிகாரம் ஓடாது. தப்பாகத் திருப்பினாலும் "அவுட்" கிடையாது. இங்கிலீஷ் எழுத்தும் சொற்பம். ஒரு தடவை விலை கொடுத்து வாங்கிவிட்டால், நடுவில் காசு கேட்டு நச்சரிக்காது.

குறை இல்லாமல் இல்லை. மொத்தம் 14 கட்டம்தான், சீக்கிரமே முடிந்துவிடும். கொடுத்த காசுக்கு இவ்வளவுதானா என்று சிக்கனக்கார அப்பாக்கள் முணுமுணுக்கலாம்! கதை நடுவே தாயும் பிள்ளையும் பிரிகிறார்கள். சின்னஞ்சிறுசுகள் முகம் வாடும். பக்கத்தில் பெரியவர் இருப்பது நல்லது.

வில்லங்கம் அங்கேதான். அம்மா சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்டு முடித்து வீடு வந்து சேர்ந்தால்தான் பக்கத்தில் உட்கார முடியும். தனியாக விட்டால், புதிர் முடிந்த மறுநிமிஷம் பிள்ளையின் விரல் வேறு வீடியோவுக்குத் தாவிவிடும். பாங்க் பணம் இருக்கும் அப்பா போன் என்றால் பூட்டு அவசியம்.

3 புலி, 15 ஆடு வைத்து ஆடும் ஆடுபுலி ஆட்டத்துக்கு எதிரே ஒருவர் வேண்டும். இதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் ஒருவர் வழி சொல்ல, மற்றவர் கோபுரத்தைத் திருப்பினால் இரண்டு பேர் ஆட்டம் ஆகிவிடுகிறது. கோணத்தைப் பிடிப்பதில் பெரும்பாலும் பிள்ளைகள்தான் முந்துவார்கள்!

அடுப்பில் சோறு பொங்கினால் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகலாம். யாரும் தோற்றுப் போவதில்லை.