உலோகத் தொழிலில் ஊரின் துணையும் கல்வியின் பயனும்

கர்நாடக மாநிலத்தின் வடகோடியிலுள்ள பீதர் நகரில், பித்ரி வேலை செய்யும் கைவினைஞர் கோட்டை மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாவிலிட்டுச் சுவைத்துப் பார்ப்பதுண்டு. வெயிலும் மழையும் படாத இடத்தில் நெடுங்காலம் கிடந்த மண் அது. அதனுடன் நவச்சாரத்தையும் நீரையும் கலந்து, இளஞ்சூடேற்றிய பாத்திரத்தின்மீது தேய்த்தால் பாத்திரம் கருமையடையும். அதில் பதித்த வெள்ளி மட்டும் வெண்மை மாறாமல் விளங்கும். எந்த மண் ஏற்றது என்பதை நாவே சொல்லிவிடுகிறது. இவ்வறிவைப் புத்தகம் தருவதில்லை, ஊர் தருகிறது.

ஆயினும் இதற்கும் ரசாயனக் காரணம் உண்டு. பித்ரிப் பாத்திரம் ஏறத்தாழ 16 பங்கு துத்தநாகமும் 1 பங்கு செம்பும் சேர்ந்த கலவை. கோட்டை மண்ணில் நைட்ரேட் உப்புக்கள் இருக்கின்றன. அவையும் நவச்சாரமும் சேர்ந்து கலவையின் மேற்பரப்பைத் தாக்குகின்றன. ஆழ்ந்த கருமை தோன்றுவதற்கு அச்சிறிதளவு செம்பே இன்றியமையாதது. இதை அறிந்தவர் செம்பை நிறுத்துச் சேர்ப்பார்; அறியாதவர் நிறம் மங்கியபோது மண்ணைக் குறை கூறுவார். முற்காலத்தில் லக்னோ, பூர்ணியா, மூர்ஷிதாபாத் ஆகிய தொலைதூர இடங்களிலும் பித்ரி வேலை நடைபெற்றது. ஆகவே, இடம் தொழிலுக்குத் துணையேயன்றி அதன் முழு ஆதாரமன்று.

உத்தரப் பிரதேசத்தில் ராமகங்கைக் கரையிலுள்ள மொராதாபாத் நகரம் வேறொரு வகையில் பாடம் புகட்டுகிறது. பித்தளை நகர் என்று பெயர் பெற்ற அவ்வூரில் அச்சுக் கட்டுவோர், வார்ப்போர், சுரண்டுவோர், செதுக்குவோர், மெருகிடுவோர் எனத் தொழில் பல கைகளில் பிரிந்திருக்கிறது. ஒரு பாத்திரம் முடிவதற்குள் பல பட்டறைகளைக் காண்கிறது. வார்ப்பில் ஒரு துளை விழுந்தால், அடுத்த தெருவில் செதுக்குபவர் அன்றே அதைக் கண்டு சொல்கிறார். இத்தகைய அண்டைவீட்டுக் கண்டிப்பு, தனித்த கிராமத்தில் ஒரே உலையுடன் உழைக்கும் தொழிலாளிக்குக் கிடைப்பதரிது. ஒரே திறமையுள்ள இருவரின் வேலையில் வேறுபாடு காணப்படுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஆனால் ஊர் திறமையைப் போலவே பிழையையும் வழிவழியாகக் கொடுத்துவிடும். பித்தளை உருக்கும்போது எழும் வெண்புகையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். துத்தநாகம் 907 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். செம்பு உருகுவதற்கோ 1085 டிகிரி வேண்டும். ஆகவே உலை அளவுக்கு மிஞ்சிக் காய்ந்தால் துத்தநாகம் ஆவியாகி, காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடி வெண்புகையாக வெளியேறுகிறது. 7 கிலோ செம்பும் 3 கிலோ துத்தநாகமும் மூசையிலிட்டு, அதில் 300 கிராம் துத்தநாகம் புகையாய்ப் போயிற்று என்று கொள்வோம். எஞ்சியது 9.7 கிலோ. செம்பு 70 சத விகிதமாக இராமல் 72 சத விகிதத்தைத் தாண்டிவிடும். நிறம் சற்றே சிவக்கும், எடையும் குறையும். நஷ்டம் பொருளோடு நிற்பதில்லை. அப்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் கண்டு, ஓரிரு நாளில் தணியும். தொழிலாளர் பலர் இதை மலேரியாவென்றோ, சாதாரண ஜுரமென்றோ எண்ணிவிடுகின்றனர்.

செம்பை முதலில் உருக்கி, துத்தநாகத்தைக் கடைசியில் சேர்ப்பதும், உருகிய உலோகத்தின்மீது கரித்தூள் பரப்புவதும், தாமதியாமல் வார்ப்பதும், புகை வெளியேற வழி செய்வதும் கடினமானவையல்ல. ஏன் செய்ய வேண்டும் என்பதை அறியாதவர் மட்டும் அவசரத்தில் இவற்றை விட்டுவிடுவார். கல்வியின் பயன் இங்கேதான் விளங்குகிறது. சம்மட்டியின் ஓசையைக் கேட்டுத் தகட்டின் பதத்தை அறியும் காதைப் பள்ளிக்கூடம் தர இயலாது. ஆனால் நிறுக்கவும், கணக்கிடவும், குறித்து வைக்கவும், பிழையின் காரணத்தைத் தேடவும் அது கற்றுத்தரும். மூலப்பொருள் மாறினாலும், ஊர் மாறினாலும் உடன் வருவது இந்த அறிவே.

2023-இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி விசுவகர்மா திட்டத்தில் கருமான், பூட்டுத் தொழிலாளி, சம்மட்டி முதலிய கருவிகள் செய்வோர் ஆகியோரும் அடங்குவர். அதன் அடிப்படைப் பயிற்சி 5 முதல் 7 நாட்கள். அத்தனை குறுகிய காலத்தில் கைப்பழக்கம் உண்டாகாது. அளந்து பார்க்கும் பழக்கத்திற்கு அடிகோலலாம். களப் பணியாளர் பட்டறைக்குச் செல்லும்போது ஒரு தராசும் உஷ்ணமானியும் எடுத்துச் செல்வாராக. தொழிலாளியின் முறையைத் திருத்தப் புகுமுன், அவர் அம்முறையைக் கைக்கொண்ட காரணத்தைக் கேட்டறிவது நலம்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. பட்டறைக் குடும்பத்துப் பிள்ளைகள் படிப்பா, தொழிலா என்ற கேள்விக்கு இடையே தடுமாறுகின்றனர். உலையருகே சிறுவர் வேலை செய்வது தகாது. ஆனால் மேலே கண்ட செம்புக் கணக்கை வகுப்பில் போட்டு, விடையை வீட்டில் தந்தையிடம் கூறச் செய்யலாம். மறுநாள் அத்தந்தை துத்தநாகத்தை நிறுத்துப் பார்ப்பாராயின், அந்தப் பாடம் பயன் தந்ததென்று கொள்ளலாம்.