கார் ஏர்கான் குளிரவில்லையா? கேஸ் கேன் வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

மதியம் 2 மணி. செங்காங்கில் வீவக பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம். வெயிலில் நின்ற காரைக் கிளப்பி ஏர்கானை முழு வேகத்தில் வைக்கிறீர்கள். வருவது வெறும் காற்றுதான்.

"கேஸ் கம்மியாயிருக்கும். ஒரு கேன் வாங்கி நீயே போட்டுக்கலாம், பத்து நிமிஷ வேலை," என்கிறார் நண்பர். காணொளிகளும் அதையே சொல்கின்றன. ஒரு சிறிய கேன், ஒரு குழாய், பச்சை, சிவப்பு நிறம் காட்டும் அழுத்தமானி. அவ்வளவுதான்.

பார்ப்பதற்குச் சுலபம். ஆனால் ஒரு கேள்விக்கு அந்த கேனிடம் பதில் இல்லை. ஏற்கெனவே உள்ளே இருந்த கேஸ் எங்கே போனது?

கேஸ் தீர்ந்துபோகுமா?

போகாது. பெட்ரோல் எரிந்து தீர்கிறது. ஏர்கானில் உள்ள குளிர்பொருள் அப்படியல்ல. மூடிய குழாய்களுக்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது. காரின் முன்புறமுள்ள கண்டென்சரில் வெப்பத்தை வெளியே விட்டு அது திரவமாகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் மீண்டும் ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது.

வீட்டிலுள்ள குளிர்பதனப் பெட்டியும் இதே முறையில்தான் இயங்குகிறது. அதற்கு யாராவது ஆண்டுதோறும் கேஸ் போடுகிறோமா? இல்லையே.

கார் சற்று வேறு. அது ஓடும்போது அதிர்கிறது. அதில் ரப்பர் குழாய்களும் ரப்பர் வளையங்களும் உண்டு. அவற்றின் வழியே பல ஆண்டுகளில் கொஞ்சம் கேஸ் கசிவது இயல்பு. ஆனால் போன மாதம் நன்றாகக் குளிர்ந்த ஏர்கான் இந்த மாதம் குளிரவில்லை, காரணம் கேஸ் குறைவுதான் என்றால், எங்கோ ஓட்டை இருக்கிறது. கேன் அந்த ஓட்டையை அடைப்பதில்லை. போட்ட கேஸும் அதே வழியாக வெளியேறும்.

கேன் எப்படி வேலை செய்கிறது?

கேனின் தலையில் ஒரு சிறிய வால்வைத் திருகுவார்கள். அதிலுள்ள ஊசி கேனைத் துளைக்கும் அல்லது அதன் வாயைத் திறக்கும். குழாயின் மறுமுனை, காரின் குறைந்த அழுத்தப் பக்கத்தில் உள்ள இணைப்பில் மாட்டப்படும். இன்ஜினும் ஏர்கானும் ஓடும்போது கம்ப்ரசரே கேனிலிருந்து கேஸை இழுத்துக்கொள்ளும்.

இதில் தவறு நேரக்கூடிய இடங்கள் உண்டு. கேனை உயர் அழுத்தப் பக்கத்தில் இணைத்தால், அழுத்தம் திரும்பி வந்து கேனே வெடிக்கலாம். அதனால்தான் இரு பக்க இணைப்புகளும் வெவ்வேறு அளவில் செய்யப்படுகின்றன. கேனைத் தலைகீழாகப் பிடித்தால் ஆவிக்குப் பதில் திரவம் பாயும். கம்ப்ரசரால் ஆவியை அழுத்த முடியும், திரவத்தை அழுத்த முடியாது. உள்பாகங்கள் உடையலாம். குழாயில் இருக்கும் காற்றை முதலில் வெளியேற்றாவிட்டால், அந்தக் காற்றும் ஈரமும் கேஸுடன் சேர்ந்து உள்ளே போகும். ஈரம் உள்ளேயுள்ள எண்ணெயைக் கெடுத்து உலோகத்தை அரிக்கும்.

முள் பச்சையில் நின்றால் போதாதா?

பலர் ஏமாறுவது இங்கேதான். அழுத்தமானி காட்டுவது அழுத்தத்தை. உள்ளே எத்தனை கிராம் கேஸ் இருக்கிறது என்பதை அது காட்டுவதில்லை.

மூடிய கலத்தில் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும் வரை, அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை மட்டுமே. பல கார்களில் உள்ள ஆர்-134ஏ என்ற குளிர்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி செல்சியஸில், கலத்தில் 100 கிராம் திரவம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் அழுத்தமானி ஏறத்தாழ 6.7 பார் என்றுதான் காட்டும்.

ஏர்கான் ஓடும்போது குழப்பம் இன்னும் கூடும். வெளியே எவ்வளவு வெயில், கம்ப்ரசர் எவ்வளவு வேகம், கண்டென்சர் விசிறி சுற்றுகிறதா என்று எல்லாமே முள்ளை நகர்த்தும். உள்ளே ஒரு வால்வு அடைத்துக்கொண்டிருந்தால், கேஸ் சரியான அளவில் இருந்தாலும் முள் 'குறைவு' என்று காட்டும். நீங்களும் நம்பி இன்னும் கொஞ்சம் போடுவீர்கள்.

சிறிய கார் ஒன்றுக்குத் தேவையான மொத்தக் குளிர்பொருள் ஏறத்தாழ அரை கிலோதான். சரியான அளவு பானெட்டுக்கு அடியில் ஒட்டியுள்ள வில்லையில் கிராம் கணக்கில் இருக்கும். அளவு மீறினால் கண்டென்சரில் திரவம் தேங்கும், அழுத்தம் ஏறும், குளிர் குறையும். கூடுதலாகப் போட்டால் கூடுதலாகக் குளிரும் என்பது தவறான நம்பிக்கை.

உடம்புக்கு ஆபத்து உண்டா?

உண்டு. ஆர்-134ஏ கொதிப்பது மைனஸ் 26 டிகிரியில். திரவம் விரலில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. காற்றோட்டமில்லாத இடத்தில் தரையோரம் தேங்கி, மூச்சுக்கான உயிர்வாயுவை விலக்கிவிடும். நெருப்பில் பட்டால் நச்சு வாயுக்கள் உருவாகும். கேனை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்வதும் கூடாது. பொதுவாக 50 டிகிரிக்கு மேல் அதைச் சூடாக விடக்கூடாது.

கேனுக்குள் இருப்பது உண்மையிலேயே ஆர்-134ஏ தானா என்பது இன்னொரு கவலை. 2011இல் கப்பல்களில் செல்லும் குளிர்பதனக் கொள்கலன்கள் சில வெடித்து மூவர் உயிரிழந்தனர். உள்ளே இருந்தது போலிக் குளிர்பொருள். அதில் கலந்திருந்த மீதைல் குளோரைடு, கம்ப்ரசரின் அலுமினியத்துடன் வினைபுரிந்திருந்தது. கார் ஏர்கானிலும் அலுமினியப் பாகங்கள் உண்டு. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத மலிவான கேனை வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

மின்சாரக் கார், ஹைபிரிட் கார் என்றால் கேன் பக்கமே போகாதீர்கள். அவற்றின் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் இயங்குகிறது. அதற்கு மின்சாரம் கடத்தாத தனி வகை எண்ணெய் வேண்டும். சில கேன்களில் கேஸுடன் கலந்து வரும் சாதாரண எண்ணெய், அந்த மின்காப்பைக் கெடுத்துவிடும்.

ஒரு சின்ன கேன் பூமியை என்ன செய்யும்?

ஒரு கிலோ ஆர்-134ஏ, 100 ஆண்டுக் கணக்கில், 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. 300 கிராம் கேன் ஒன்று முழுதும் கசிந்தால் ஏறத்தாழ 430 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அப்படியென்றால் அந்த ஒரு கேன் ஏறத்தாழ 187 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். சாதாரணக் காரில் கோலாலம்பூருக்கு மூன்று முறை போய்த் திரும்பி வரலாம்!

ஓட்டையை அடைக்காமல் ஆண்டுக்கு ஒரு கேன் போட்டால், ஆண்டுக்கு ஒருமுறை அவ்வளவும் காற்றில் கலக்கிறது.

இத்தகைய வாயுக்களைக் குறைக்கும் கிகாலி திருத்தம் 2016இல் உருவானது. சிங்கப்பூர் அதை 2022இல் ஏற்று உறுதிசெய்தது. அதே ஆண்டு அக்டோபரிலிருந்து, இங்கே விற்பனைக்கு வரும் புதிய வீட்டு ஏர்கான்களில் உள்ள குளிர்பொருளின் வெப்பமாக்கும் திறன் 750ஐத் தாண்டக்கூடாது. ஆர்-134ஏ-இன் அளவு அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு.

மற்ற நாடுகளும் சிறிய கேன்களைக் கட்டுப்படுத்தி வருகின்றன. மீண்டும் நிரப்ப முடியாத கலன்களில் இவ்வகை வாயுக்களை விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் தடை செய்தது. அமெரிக்காவில் 2018 முதல் தயாராகும் சிறிய கேன்களில், குழாயைக் கழற்றியதும் தானாக மூடிக்கொள்ளும் வால்வு கட்டாயம். புதிய கார்கள் பலவற்றில் ஆர்-1234ஒய்எஃப் என்ற வேறு குளிர்பொருள் வருகிறது. அதன் வெப்பமாக்கும் திறன் மிகக் குறைவு. ஆனால் லேசாகத் தீப்பற்றக்கூடியது, இணைப்பும் வேறு. இரண்டையும் கலக்கவே கூடாது.

சரி, என்னதான் செய்வது?

முதலில் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் ஃபில்டர் தூசியால் அடைத்திருக்கிறதா? ஏர்கானைப் போட்டதும் கண்டென்சர் விசிறி சுற்றுகிறதா? ஃப்யூஸ் போயிருக்கிறதா? இவற்றில் ஏதாவது ஒன்று என்றால் கேஸே தேவையில்லை.

அவை சரியாக இருந்தால் பட்டறைக்குப் போங்கள். அங்கேயும் "கேஸ் டாப்-அப் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதுவும் கேன் போடுவது மாதிரிதான். மூன்று கேள்விகள் கேளுங்கள்.

கசிவு எங்கே என்று சோதிப்பீர்களா? மிச்சமுள்ள பழைய கேஸைக் காற்றில் விடாமல் இயந்திரத்தால் சேகரிப்பீர்களா? பழுதுபார்த்தபின் வெற்றிடமாக்கி, வில்லையில் உள்ள கிராம் அளவுக்கு எடைபோட்டு நிரப்புவீர்களா?

மூன்றுக்கும் 'ஆம்' என்றால் காரை விடலாம். கேனைவிடச் செலவு கூடத்தான் செய்யும். ஆனால் கேன் வாங்கினால், கம்ப்ரசர் கெட்டுப்போகும் செலவும் பின்னாலேயே வரக்கூடும். ஒருமுறை ஓட்டையை அடைத்துவிட்டால், அடுத்த வெயிலில் அந்த மேல்தளத்தில் நின்று மறுபடி கேன் தேட வேண்டியிருக்காது.