மறையும் இலக்கும் பயிற்சிப் பொறியும்

புனே நகரை அடுத்த ஆகுர்டியில், தொழிற்சாலைப் பணியை நாடி வந்து குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அங்கிருந்து தென்கிழக்கே உள்ள லோஹகாவ் விமானத் தளத்தில்தான், 2002 செப்டம்பரில் சுகோய்-30 எம்.கே.ஐ. போர் விமானங்கள் நமது விமானப் படையில் சேர்க்கப்பெற்றன. அவற்றை அண்ணாந்து பார்த்து வளரும் நம் பிள்ளைகள், கணிப்பொறியில் போர் விமானம் ஓட்டிப் பார்க்க விழைவது இயல்பே. அப்பாவனைப் போரில் பகை விமானம் திரையில் தோன்றும் விதம் எவ்வளவு மெய்யானது? இதனைச் சற்று ஆராய்வோம்.

ரேடார், வானொலி அலைகளை அனுப்பி, அவை பட்டுத் திரும்பும் எதிரொலியால் இலக்கை அறிகிறது. தாழப் பறக்கும் விமானத்தை மேலிருந்து நோக்குங்கால், தரையும் வலிமையாக எதிரொலிக்கும். இரண்டையும் பிரித்தறியத் துணைபுரிவது டாப்ளர் விளைவு. ஆகுர்டி நிலையத்தில் நில்லாது விரையும் ரயிலை எண்ணிப் பாருங்கள். நெருங்குகையில் அதன் ஊதல் சுருதி ஏறியும், அகலுகையில் இறங்கியும் கேட்கிறது. நம்மை நேர் எதிரே கடக்கும் கணத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. விமானத்தின் எதிரொலியும் அத்தகையதே. பகைவன் ரேடாரின் நோக்குக்குக் குறுக்காகத் திரும்பினால், அவனது எதிரொலி தரையினதை ஒத்துவிடும். தரையை விலக்கும் வடிகட்டி அவனையும் விலக்கிவிடும். பின்னர்ச் சில விநாடிகள் ரேடார் அவன் இருக்கக்கூடிய இடத்தை ஊகித்துக் காட்டும். அதற்குள் அவன் திசை மாறினால் ஊகம் பொய்க்கும். வெப்பத்தால் இலக்கைக் காணும் கருவிக்கோ, மேகமே திரையாகிவிடுகிறது.

பாவனைப் பொறியின் இடர்ப்பாடு இங்கேதான் எழுகிறது. ஒவ்வொரு விமானமும் இருக்கும் இடம் அதன் நினைவகத்தில் துல்லியமாக உள்ளது. அறிந்ததை அப்படியே காட்டுவது அதற்கு எளிது. மெய்யான ரேடார் அறியவொண்ணாததை மறைப்பதே அரிது. எட்வின் லிங்க் 1929இல் தரையிலேயே பறக்கப் பழக்கும் கருவியை அமைத்தார். அன்று முதல் இத்தகைய பொறிகளின் பயன் ஒன்றே: தரையில் படிந்த பழக்கம் வானில் கைகொடுக்க வேண்டும். இலக்கு ஒருபோதும் மறையாத திரையில் பழகியவன், மெய்ப்போரில் அது மறையும்போது திகைத்து நிற்பான். அத்திகைப்பின் விலை உயிராகவும் இருக்கலாம்.

ஆதலின், விளையாட்டில் இலக்கு திடீரென மறைந்தால் அதனைக் குறையென்று கருத வேண்டா. தாழ்ந்து குறுக்கே பறக்கும் விமானத்தையும் விடாது காட்டும் திரையையே நாம் ஐயுற வேண்டும்.