கூம்பும் விழிக்கு ஒரு பிறைத்துண்டு

கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் பத்தாம் தர மாணவன் ஒருவன் ஒரே ஆண்டில் மூன்று தடவை மூக்குக்கண்ணாடி மாற்றினான். அப்படியும் கரும்பலகை எழுத்து அவனுக்கு இரண்டிரண்டாகவே தெரிந்தது. எந்நேரமும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பான். "ஃபோன் பாத்துப் பாத்துத்தான் சேர் கண் பழுதாப் போச்சு" என்றார் அவனுடைய உம்மா. நானும் அதை நம்பினேன். விழியின் மேற்பரப்பை இயந்திரத்தால் வரைபடமாக்கிப் பார்த்த பிறகே நோயின் பெயர் தெரிந்தது: கெரட்டோகோனஸ்.

கண்ணின் முன்னால் தெளிவாக இருக்கும் விழிவெண்படலம் நடுவில் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்பானது. இந்நோயில் அது மெலிந்து, கூம்புபோல முன்தள்ளுகிறது. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். முப்பதுகள் வரை வளரக்கூடும். கண்ணைக் கசக்குவது அதை மோசமாக்கும். கோணல் கூடக்கூட மூக்குக்கண்ணாடி பயன்படாது; விசேட கடின லென்ஸ் தேவைப்படும்.

சிகிச்சையில் இரண்டு நோக்கங்களைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, நோயை நிறுத்துவது. இதற்கு ரைபோஃபிளேவின் சொட்டுமருந்து விட்டு, புறஊதாக் கதிரைச் செலுத்திப் படலத்தை இறுக்குகிறார்கள். மற்றது, கூம்பைத் தட்டையாக்குவது. இதற்கே வளையம். பிறை வடிவான சிறு பிளாஸ்டிக் துண்டுகளைப் படலத்தின் உட்தடிப்புக்குள் சுரங்கம்போல வழி செய்து வைக்கிறார்கள். வேண்டுமானால் பிறகு எடுத்துவிடலாம். ஆனால் வளையம் நோயை நிறுத்தாது. கண்ணாடியோ லென்ஸோ பின்னரும் தேவைப்படலாம். படலத்தின் நடுவில் தழும்பு விழுந்துவிட்டால் வளையத்தாலும் பயனில்லை. அப்போது இறந்தவர் ஒருவர் தந்த படலத்தைத்தான் பொருத்த வேண்டும்.

சென்னை அகர்வால் கண் மருத்துவமனையின் டொக்டர் சூசன் ஜேக்கப், பிளாஸ்டிக்குக்குப் பதிலாக, தானமாகக் கிடைத்த விழிவெண்படலத்திலிருந்தே வளையத்தை வெட்டியெடுத்துப் பொருத்தும் முறையை உருவாக்கினார். அதன் முடிவுகள் 2018 இல் வெளிவந்தன. ஆக, இப்போது வளையத்துக்கும் ஒரு கொடையாளி வேண்டியிருக்கலாம்.

இங்கேதான் நம் சமூகத்துக்கான கேள்வி வருகிறது. டொக்டர் ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் 1964 இல் சிங்கப்பூருக்குக் கண் அனுப்பத் தொடங்கியது. பாகிஸ்தானுக்கும் ஆயிரக்கணக்கில் அனுப்பியிருக்கிறது. அங்குள்ள முஸ்லிம்கள் பலர் இந்நாட்டுப் பௌத்தர்களின் கண்களால் பார்க்கிறார்கள். வாங்குவதில் நமக்குத் தயக்கமில்லை; கொடுப்பதென்றால் ஜனாஸாவின் கண்ணியம் நினைவுக்கு வருகிறது. அந்தக் கண்ணியம் சிறிய விஷயமல்ல. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அக்கடமி 1988 இல், மௌத்தானவரின் முன்னனுமதியோ வாரிசுகளின் சம்மதமோ இருந்தால், ஒருவரின் உயிரோ அடிப்படை உடற்தொழிலோ தங்கியிருக்கும் உறுப்பை மாற்றலாம் எனத் தீர்மானித்தது. உடன்படாத உலமாக்களும் உள்ளனர். ஆகவே தேவை வருமுன்பே நம் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

என் மாணவனின் நோய் நேரத்தோடு பிடிபட்டது. படலத்தை இறுக்கும் சிகிச்சையே அவனுக்குப் போதுமாக இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். கண்ணைக் கசக்கும் பிள்ளையைக் கண்டால் நான் இப்போது ஏசுவதில்லை. வாப்பாவை அழைத்து, கண் டொக்டரிடம் காட்டச் சொல்கிறேன்.